பொழித் தகராறு முதல் வீட்டுமனை வரை: அண்மையில் படித்த மூன்று நாவல்கள்

கடந்த மூன்று மாதங்களில் நான் படித்து முடித்த மூன்று நாவல்களும் கொங்கு நாட்டைப் பற்றியவை. காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலிகளுக்கு நடுவே வளர்ந்தவன் ஆகையால், எங்கள் காடு தோட்டங்களும் எங்கள் பேச்சும் அச்சில் எப்படி வந்திருக்கின்றன என்பதைக் கொஞ்சம் கறாராகவே பார்க்கிறேன். (தலைப்பில் உள்ள ‘பொழி’, நில எல்லைக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல்.)

முதலில் படித்தது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான அவர், 1942இல் இது வெளிவந்தபோது 25 வயது இளைஞர். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். கெட்டியப்பனும் மணியகாரரும் பின்னாலிருந்து தூண்டிவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான் என்றாலும், சின்னப்பன் கெட்டவன் அல்லன் என்பதும், நாகம்மாளின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதும் சேர்ந்து, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நம்மைத் திணற வைக்கின்றன. அவள் கேட்டது வெறும் வீம்பு என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் விளைநிலத்துக்குச் செல்லாது என்றிருந்த காலம் அது. சென்னை மாகாணத்தில் நிலத்துக்கும் அது நீட்டிக்கப்பட்டது 1947இல்தான். ஆக, அவளுக்கு ஊர்வாயும் துணையில்லை, சட்டமும் துணையில்லை.

சில பக்கங்களை அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வாசித்துக் காட்டினேன். புளியங்கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டிருந்தவர், கையை நிறுத்தாமல், “பங்கு கேக்கற பொம்பளைய ஆரு கண்ணு நல்லவீன்னு சொல்லியிருக்கறாங்க?” என்றார். எங்கள் பெரிய தோட்டத்துப் பொழிக்கல் எந்த ஆண்டு எத்தனை அடி நகர்ந்தது என்பதை இன்றும் விரல்விட்டுச் சொல்லக்கூடியவர் அவர்.

எனக்குள்ள குறை, எழுத்தாளரின் நடையைப் பற்றியது. பாத்திரங்கள் வாய் திறந்தால் நம் ஊர்ப் பேச்சு அப்படியே வருகிறது. அவர்கள் பேசி முடித்ததும் கதைசொல்லி பொதுத் தமிழுக்குத் திரும்பி, சற்று எட்ட நின்றுகொள்கிறார். இன்னொரு குறை நூலைச் சேர்ந்ததன்று. நான் வாங்கிய பிரதியில் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் இரண்டு முறை தைக்கப்பட்டு, அடுத்து வர வேண்டிய 16 பக்கங்கள் இல்லாமலே போயிருந்தன. விற்ற கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டதால், விடுபட்ட பகுதியைக் கிளை நூலகத்துப் பிரதியில்தான் படித்தேன்.

பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ 1991இல் வந்தது. குடியிருப்புக் காலனிக்காக நிலத்தை இழந்த குடும்பம் சிதைவதை ஒரு பையனின் கண் வழியே சொல்கிறது. நாகம்மாள் பங்கு கேட்ட நிலமே இங்கே இல்லாமல் போகிறது. இளமைக்கால எழுத்துக்குரிய அவசரம் ஆங்காங்கே தெரிந்தாலும், சுற்றியிருக்கும் பேச்சின் சூடு அதை மறக்கச் செய்கிறது.

2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ என்னைச் சங்கடப்படுத்திய நூல். காரு மாமாவின் சாவையொட்டி உறவுகள் கூடுவதைச் சுற்றிக் குடிநாவிதர் வாழ்க்கையை அது விரிக்கிறது. பொழித் தகராற்றையே பெரிய துயரமாக எண்ணிப் படித்து வந்தவனுக்கு, அதே ஊர்களில் தகராறு செய்யவும் ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள் இருந்தார்கள் என்பது இந்த இடத்தில்தான் உறைத்தது. உறவுமுறைகள் அடிக்கடி குழம்பியதால் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டே படித்தேன். மூன்றில் மறுபடி படிக்க விரும்புவது இதைத்தான்.

அடுத்ததாக எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யை எடுத்து வைத்திருக்கிறேன், காட்டை விட்டவர்கள் போய்ச் சேர்ந்த திருப்பூரைப் பற்றியது என்பதால் வரிசைக்குப் பொருந்தும். அதன் பிறகு சண்முகசுந்தரத்தின் ‘சட்டி சுட்டது’. அதை வாங்கும்போது, பக்க எண்களைக் கடையிலேயே நின்று கடைசிவரை புரட்டிப் பார்த்த பிறகே பணத்தை நீட்டுவதாக இருக்கிறேன்.