பி550 மதர்போர்டு: வேகம் உண்டு, வாய்தான் இல்லை

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸருக்காக வாங்கிய போர்டு இது. கம்பெனி பெயர் வேண்டாம். பிராசஸருக்குப் பக்கத்தில் ஹீட்சிங்க் நல்ல கனம். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடினாலும் அசராது. வம்பெல்லாம் ராமில்தான்.

ராம் பெட்டியில் வேகம் 3600 என்று போட்டிருந்தது. டி.டி.ஆர்4 ரகம், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. கடையில் அசெம்பிள் செய்து கொடுத்தபோது டாஸ்க் மேனேஜர் 2133 என்றது. இது பழுது இல்லை. பெட்டியில் போட்ட வேகம், ராமிலேயே பதிந்திருக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற செட்டிங் புரொஃபைலில் இருக்கும். பயோஸில், அதாவது போர்டின் செட்டிங் திரையில் போய் அதை ஆன் செய்யும்வரை போர்டு 1.2 வோல்ட்டில் அடிப்படை வேகத்தில்தான் ஓட்டும். ஆன் செய்ததும் 1.35 வோல்ட், 3600. ராம் விவரம் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளில் 1800 காட்டினால் பதற வேண்டாம். அது கிளாக் எண்; ஒரு கிளாக் துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா போகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்பினேன். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, ராமில் சிக்கல் என்று காட்டும் DRAM விளக்கு போர்டில் எரிகிறது, திரை கறுப்பு. தானே அணைகிறது, தானே எழுகிறது. ஒருவழியாக விண்டோஸ் வந்தது, 2133-இல். பயோஸைத் திறந்தால் எக்ஸ்.எம்.பி. ஆன் என்றே இருக்கிறது! "3600 ஒத்துவரவில்லை, இறக்கிவிட்டேன்" என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

நாலு ஸ்டிக்கில் 3600 வராததற்கு போர்டைத் திட்ட மாட்டேன். இரட்டை ரேங்க் ஸ்டிக் (சிப்புகள் இரண்டு தொகுதியாக இருப்பது) நாலு போட்டால் இந்த பிராசஸருக்கு ஏஎம்டி உறுதி தருவதே 2667 வரைதான். எக்ஸ்.எம்.பி. டைமிங்கை (ராமின் தாமத எண்களை) அப்படியே விட்டு, வேகத்தை மட்டும் 3200-க்கும் எஃப்.கிளாக்கை (பிராசஸரின் உள் இணைப்பு வேகத்தை) 1600-க்கும் இறக்கினேன். ஏறிவிட்டது. ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன், ஒரு எரர்கூட இல்லை. 3600-க்கும் 3200-க்கும் டைம்லைனில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2133-இல் நன்றாகவே தெரிந்தது.

இரண்டு ஸ்டிக் மட்டும் போடுகிறவர்கள் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போடுங்கள். மேனுவலில் இதை எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 64 ஜிபி வேண்டுமென்றால் முதலிலேயே 32 ஜிபி இரண்டாக வாங்கிவிடுவது நல்லது. போர்டுக்கு ஐந்துக்கு மூன்றரை.