பழுப்பு அட்டை நோட்டு: என் பேரனின் பள்ளியில் நடக்கும் பேச்சுப் பயிற்சி

என் பேரனுக்கு ஐந்து வயதுவரை ‘க’ வரவில்லை. மூக்கு ‘மூத்து’ ஆகும், பாக்கு ‘பாத்து’ ஆகும், கை ‘தை’ ஆகும். காக்கா ‘தாத்தா’ ஆகிவிடும்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அமாவாசைதோறும் வாழை இலைத் துண்டில் சோறும் பருப்பும் ஒரு துளி நெய்யும் இட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் வைப்பேன். ‘கா, கா’ என்று நான் கூப்பிடுவேன். அவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு ‘தா, தா’ என்று கூப்பிடுவான். காகம் வந்து உட்கார்ந்ததும், “அப்பத்தா, தாத்தா!” என்று கையைத் தட்டுவான். அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் திருத்தவே இல்லை. வீட்டில் வேறு யாரும் திருத்தவில்லை.

நான் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். நாவின் அடி, மேலண்ணத்தின் அடியில் பொருந்தினால் ‘க’ பிறக்கும், நாவின் நுனி மேற்பல்லின் அடியில் பொருந்தினால் ‘த’ பிறக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். பேரனின் நாக்கு பின்னால் எழும்பாமல் பல்லுக்கே ஓடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதைப் பின்னால் எழுப்புவது எப்படி என்பது தெரியவில்லை. அதற்கென்று படித்தவர்கள் வேண்டும்.

நாலரை வயதில் மதுரையில் ஒரு தனியார் மையத்துக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். ஓர் அமர்வு 40 நிமிடம், 600 ரூபாய். பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கட்ட வேண்டும். சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் எழுப்பி, காரைக்குடியில் பஸ் ஏற்றி, தூங்கி விழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு போவோம். அங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். முடிந்ததும், “நன்றாகச் செய்கிறான், அடுத்த வாரம் வாருங்கள்” என்பார்கள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மருமகள் இரண்டு முறை கேட்டாள். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பதில் வந்தது. அந்தப் பயிற்சியாளரின் திறமையை நான் குறை சொல்லவில்லை. அந்த அறைக்குள் அவன் ‘க’ சொல்லியும் இருக்கலாம். ஆனால் வாரத்தில் 40 நிமிடம் அவர்களிடம் இருக்கிறான், மற்ற நேரமெல்லாம் எங்களோடுதானே இருக்கிறான்? எட்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டோம். மீதிப் பணம் திரும்பவில்லை.

சென்ற ஆண்டு ஜூனில் ஊருக்குள்ளேயே ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். பழைய மாணவர்கள் சிலர் ஊதியம் கொடுத்து, பேச்சு, கேட்பியல் துறையில் பட்டம் பெற்ற ஒரு பெண்ணைச் செவ்வாயும் வெள்ளியும் அங்கே வரவழைக்கிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம். கட்டணம் கிடையாது. இத்துறையில் தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் தாம் பதிவு செய்த எண்ணை, யாரும் கேட்காமலேயே, வீட்டுக்கு அனுப்பும் பயிற்சி நோட்டின் உள்அட்டையில் அவர் எழுதிக் கொடுத்தார். நீங்கள் எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் காது சோதனை செய்துவரச் சொன்னார். சரியாகக் கேட்காத ஒலியை நாக்கு எப்படிப் பிடிக்கும்? காதில் குறை இல்லை என்று அறிக்கை வந்த பிறகு என்னையும் மருமகளையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வீட்டில் அவனோடு அதிகம் பேசுவது யார், எந்தச் சொல் வெளியாருக்குப் புரிவதில்லை, புரியாதபோது அழுகிறானா, கையைக் காட்டுகிறானா, பேசாமல் போய்விடுகிறானா? மதுரையில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை. அமாவாசைக் காகத்தைப் பற்றிச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை பையில் நோட்டு வந்தது. நாற்பது பக்க நோட்டு, பழுப்புத்தாள் அட்டை. முதல் குறிப்பு இது: ‘காக்கா என்ற சொல்லை இப்போது எடுக்கவில்லை. மூக்கிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சொல் எப்போது வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் அம்மா.’

அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

இந்தச் சேவையின் உயிர் அந்த நோட்டுதான். இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் எங்களுக்கு. தேதி, அன்று எடுத்த சொற்கள், பத்துக்கு எத்தனை சரி, வீட்டில் செய்ய வேண்டியது, இவ்வளவுதான் இடப்பக்கத்தில் இருக்கும். ‘பாக்கு 10க்கு 3. மூக்கு 10க்கு 6. காலைச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணாடி முன் ஐந்து நிமிடம். அழுதால் நிறுத்திவிடுங்கள்.’ வலப்பக்கத்தில் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். முதல் வாரம் எனக்குக் கை கூசியது. பள்ளியில் ஆறு வாங்கியவன் வீட்டில் ஒன்றுதான் வாங்கினான். ஒன்று என்றே எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை, ‘உண்மையை எழுதியதற்கு நன்றி. அவசரப்பட்டுவிட்டேன், ஒரு படி கீழே இறங்குகிறேன்’ என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் எழுதிய ஓர் எண், பள்ளியில் நடக்கும் பாடத்தை மாற்றியது. பெற்றோரோடு தொடர்பில் இருப்பது என்பதற்கு இதைவிட வேறு பொருள் எனக்குத் தெரியாது.

அவர் ஏன் மூக்கு, பாக்கு, சங்கு, மாங்காய் என்று எடுத்தார் என்பது தமிழாசிரியைக்கு விளங்கியது. முகம், பகல் என்னும்போது நடுவில் வரும் ‘க’ மென்மையாகத் தேய்ந்து ஒலிக்கும். நாக்கு எங்கும் அழுந்தாது. ‘க்க’, ‘ங்க’ என்று வரும்போதுதான் நாக்கின் அடி எழும்பி அண்ணத்தில் அழுத்தமாகப் பொருந்தும். வேற்றுமொழிப் பயிற்சித் தாளை அப்படியே எடுத்துவந்து பிள்ளைமேல் சுமத்தாமல், நம் மொழி எப்படி ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டவர் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை.

வீட்டுப் பயிற்சிகள் எளிமையானவை. தலையை அண்ணாந்து, ஒரு மடக்குத் தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிப்பது ஒன்று. நாக்கின் அடி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கே தெரிய அது உதவும். பாயில் மல்லாந்து படுத்துச் சொல்வது இன்னொன்று. படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். மூன்றாவது படச்சீட்டு: கட்டு, தட்டு, கோணி, தோணி. கீரைக் கட்டுப் படம் வேண்டும் என்று அவன் ‘தட்டு’ என்று கேட்டால் நான் தட்டுப் படத்தையே கொடுக்க வேண்டும். திட்டக்கூடாது, திருத்தக்கூடாது.

இதில் நடந்த ஒன்றை நான் மறக்கமாட்டேன். செப்டம்பரில் ஒரு நாள், நான் கொடுத்த தட்டுப் படத்தைச் சற்று நேரம் பார்த்தான். என் மடியில் திருப்பி வைத்தான். வாயைத் திறந்து, கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு தெரிய, ‘க்... அட்டு’ என்றான். இரண்டு துண்டாகத்தான் வந்தது. கீரைக் கட்டுப் படத்தைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான். அன்று வலப்பக்கம் எனக்குப் போதவில்லை.

மருமகள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், வீடு வர ஒன்பதரை ஆகும். பள்ளிக்கு நேரில் போவது அவளால் முடியாது. சாப்பிட்டு முடித்து, தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படிப்பாள், ஒரு வரியாவது எழுதுவாள். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். எங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, பயிற்சியாளர் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையின் குரலை அரை நிமிடம் பதிவு செய்து மருமகளின் எண்ணுக்கு மட்டும் அனுப்புகிறார். அவள் அதை மஸ்கட்டுக்கு அனுப்புகிறாள். மகன் முன்பெல்லாம் தொலைபேசியில், “எங்கே, அப்பாவுக்கு ‘க’ சொல்லு பார்ப்போம்” என்று தேர்வு வைப்பான். பிள்ளை தொலைபேசியைக் கண்டாலே ஓடுவான். இதை நோட்டில் எழுதினேன். ‘அப்பா சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவன் தை என்றால், ஆமாம், கை என்று தம் பேச்சில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்’ என்று பதில் வந்தது. இப்போது இருவரும் ஒட்டகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் அங்கே உண்டு. கட்டட வேலைக்குப் போகும் ஒருவருக்கு, அவர் கேட்டுக்கொண்டபடி, நோட்டில் படம் வரைந்து கொடுக்கிறார்: கண்ணாடி, தண்ணீர் டம்ளர், எத்தனை முறை என்பதற்குக் கோடுகள். ஞாயிறு மாலை தொலைபேசியிலும் பேசுகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் மாதமே பள்ளி அலுவலகத்திலிருந்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், பேச்சுக் குறை உள்ள மாணவர்களின் பெற்றோர் வரவும் என்று பன்னிரண்டு பெயர்களையும் போட்டுவிட்டார்கள். ஊரே பார்த்தது. மருமகள் அன்றிரவு சாப்பிடவில்லை. தலைமையாசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன். வருத்தம் தெரிவித்து அழித்தார், அதன்பிறகு அப்படி நடக்கவில்லை. ஆனாலும் எந்தப் பள்ளியும் செய்யக்கூடாத காரியம் அது. பிள்ளையின் குறை பிள்ளைக்கும் வீட்டுக்கும் உரியது.

இரண்டாவது, பயிற்சி நேரம் விளையாட்டுப் பாடவேளையில் இருந்தது. மற்ற பிள்ளைகள் கபடி ஆட, இவன் சன்னலைப் பார்த்துக்கொண்டே பாக்கு சொல்வானாம். நோட்டில் கேட்டேன், காலை வழிபாடு முடிந்த கையோடு மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது இன்னும் தீரவில்லை. தனி அறை இல்லை. சத்துணவுக் கூடத்தை ஒட்டிய நூலக மூலையில்தான் நடக்கிறது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவே மெல்லிய ஒலியை ஒரு பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? பழைய மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு தடுப்புச் சுவராவது எழுப்பித் தர வேண்டுகிறேன். கோடை விடுமுறையில் ஒரே ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள், அதுவும் போதவில்லை.

இப்படிப்பட்ட ஏற்பாடு உங்கள் பள்ளியில் இல்லையென்றால், வட்டார வள மையத்தில் போய்க் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. என் பேரனைப் போல ஓர் எழுத்து மட்டும் வராத பிள்ளை, சலுகைகளுக்குக் கேட்கும் 40 சதவீதக் குறைபாட்டு அளவை எட்டப்போவதில்லை. அதனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லையே என்று தயங்கி நிற்காதீர்கள். உதவி கேட்கச் சான்றிதழ் வேண்டாம்.

இனி காக்கா. ஜனவரியில் ஒரு நாள் வகுப்பில் படம் பார்த்துப் பெயர் சொல்லும்போது, மூக்கும் கட்டும் சரியாகச் சொன்னவன், காகத்தைப் பார்த்துப் பழக்கத்தில் ‘தாத்தா’ என்றிருக்கிறான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். அன்று நோட்டைத் திறந்து வைத்தேன், எழுத முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள், ‘அந்தச் சொல்லையும் எடுங்கள்’ என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அடுத்த அமாவாசைக்கு மாடியில் நின்று, தெளிவாக, “அப்பத்தா, காக்கா வந்துவிட்டது” என்றான். சோற்றை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, கூடத்தில் மாலை போட்டிருக்கும் படத்தைக் காட்டி, இவர்தான் தாத்தா என்று சொன்னேன். அதுவரை ஒருவரும் அவனுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவனுக்கு இப்போது ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. ‘ர’ இன்னும் சரியாக வரவில்லை. நோட்டு மூன்றாவது. இந்தச் செவ்வாய்க்கிழமை இடப்பக்கத்தில், ‘ர வுக்கு அவசரம் இல்லை. இந்த வாரம் அவன் சொல்லும் கதையைக் குறுக்கிடாமல் கேளுங்கள்’ என்று இருக்கிறது. வலப்பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மருமகள் வந்து எழுதுவாள்.