நாம்பனுக்குச் சிறுநீர் அடைப்பு: குழாயா, புதுவழியா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் தவிடு தின்று வளர்ந்த நாம்பன் (இளங்காளை) வாலைத் தூக்கி முக்குகிறது. குறிமுனை மயிரில் மணல்போல் உப்புப் படிந்திருக்கிறது. தயவுசெய்து நாளைக்கென்று விடாதீர்கள், சிறுநீர்ப்பை வெடித்துவிடும். சிறுநீர் வழியில் கல் அடைத்த இந்த நிலைக்கு மிருக வைத்தியர் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்: சிறுநீர் போகப் புதிதாக ஒரு திறப்பு (புதுவழி), அல்லது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே விடும் குழாய்.

செலவு
புதுவழி: மலிவு. வாலடியில் விறைப்பு ஊசி போட்டு, நின்றபடியே ஆசனவாய்க்குக் கீழே திறப்பார்கள்.
குழாய்: வயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பையில் வைக்க வேண்டும், செலவு கூடும்.

நீடிப்பு
புதுவழி: சில மாதங்களில் சுருங்கி மீண்டும் அடைபடலாம்.
குழாய்: கல் கரைந்து இறங்கினால் பழைய வழியே சிறுநீர் போகும். அதுவரை மாடு குழாயைப் பிடுங்காமல் பார்ப்பதுதான் பெரிய வேலை.

இனவிருத்திக் காளைக்குக் குழாயே. புதுவழியில் விந்து வெளியே வழிந்து வீணாகும். விற்பதற்கு வளர்க்கும் நாம்பனுக்குப் புதுவழி போதும்.