டொராண்டோ குளிர்காலத்துக்கு சைக்கிள் டயர்: ஆணி வைத்ததா, வைக்காததா?

குளிர்காலத்திலும் வேலைக்கு சைக்கிளில்தான் போவது என்று முடிவு செய்துவிட்டால், டொராண்டோவில் அடுத்த கேள்வி டயர். ஒன்று, குளிரில் இறுகிப்போகாத மென்மையான ரப்பரில் செய்த, ஆணியில்லாத குளிர்கால டயர்; கான்டினென்டலின் டாப் கான்டாக்ட் வின்டர் இந்த ரகம். இன்னொன்று, ஷ்வால்பேயின் மாரத்தான் வின்டர் பிளஸ் போல ஆணி பதித்த டயர். நான் வாங்கி ஓட்டுவது ஆணி டயர். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஆணியில்லாததன் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை: எடை குறைவு, விலை குறைவு, காய்ந்த ரோட்டில் சுகமாக உருளும். உப்பு போட்டுப் பனி கரைந்து வெறும் ஈரமாகக் கிடக்கும் புளூர் தெரு சைக்கிள் பாதைக்கு அதுவே தாராளம். ஆணி டயரோ வெறும் தாரில் பொரி வறுப்பதுபோல் படபடக்கும். எதிர்காற்று அடிக்கும் நாளில் மிதித்து மாளாது.

ஆனாலும் ஒரே ஒரு விஷயம் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. டொராண்டோவில் ஆபத்து கடுங்குளிரால் வருவதில்லை, மிதமான குளிரால் வருகிறது. ஜனவரியிலேயே பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறி, இரவில் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ஓரமாக ஒதுக்கிய பனிக்குவியல் பகலில் உருகும். அந்தத் தண்ணீர் பாதையின் குறுக்கே வழிந்து இரவில் உறையும். காலையில் பார்த்தால் வெறும் ஈரத் தார் மாதிரிதான் இருக்கும். அதுதான் பிளாக் ஐஸ். மேலே கொஞ்சம் புதுப்பனி தூவிவிட்டால் அந்த மினுக்கமும் தெரியாது. அதிலும் பூஜ்யத்தை ஒட்டிய ஐஸ்தான் மிக மோசமாக வழுக்கும். மைனஸ் 15-ல் ஐஸ் வறண்டு, ரப்பருக்கு ஓரளவாவது பிடி கிடைக்கிறது.

பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரமிருக்காது. இடுப்போ மணிக்கட்டோ தரையில் மோதிவிடும். நேராகப் போகும்போதுகூடத் தப்பிக்கலாம், திரும்பும்போதும் முன் பிரேக்கைத் தொடும்போதும்தான் மாட்டிக்கொள்வோம். ரப்பர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் ஈர ஐஸில் அதற்குப் பிடிமானம் இல்லை. மாரத்தான் வின்டர் பிளஸின் 28 அங்குல டயரில், அகலத்தைப் பொறுத்து, சுமார் 200 அல்லது அதற்கு மேல் ஆணிகள். நடு வரிசைகள் நேரே போகையில் ஐஸைக் குத்திப் பிடிக்கும். சைக்கிள் சாயும்போது ஓர வரிசைகள் வேலை செய்யும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஓர ஆணிகளும் நன்றாகத் தரையில் பதியும். இந்தப் பிடியை வேறெதுவும் தராது.

ஒரே ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முன்னால் போடுங்கள், பின்னால் வேண்டாம். டங்ஸ்டன் கார்பைடு ஆணிதானா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு ஆணி தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். புது டயரை முதல் 40 கிலோமீட்டர் வரை காய்ந்த ரோட்டில், திடீர் பிரேக் இல்லாமல் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் உறுதியாக உட்காரும். அதனால் முதல் பனிக்கு முன்பே, நவம்பரிலேயே மாட்டிவிடுவது நல்லது.

சரி, ஆணி எல்லாவற்றுக்கும் மருந்தா? இல்லை. ஸ்ட்ரீட்கார் (டிராம்) தண்டவாளம் ஈரமாக இருந்தால் ஆணியும் வழுக்கும். அதைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். கணுக்கால் அளவு பனியிலும், சேறாகி உறைந்த தடங்களிலும் அகலமான ஃபேட் பைக் டயர் மேல் என்கிறார்கள். நான் போவது பெரும்பாலும் பனி அள்ளிய பாதை என்பதால் அதில் என் அனுபவம் குறைவு. வின்னிபெக் போல வாரக்கணக்கில் பூஜ்யத்துக்கு வெகு கீழேயே நிற்கும் ஊரில் ஆணியில்லாத டயரே போதுமென்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். டொராண்டோவில் அதை நம்பி இறங்க மாட்டேன்.