இமாட்டினிப் 400: மாத்திரை கிடைக்கிறது, டெஸ்ட்?

பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி சரக்கு உசத்தி என்பது இங்கே பேச்சே இல்லை. இமாட்டினிப் 400 மி.கி., இந்தியத் தயாரிப்பு, அட்டைக்குப் பத்து மாத்திரை. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், சில வருடங்களாகத் தினமும் ஒன்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது புதிதாக எழுதிக் கொடுத்து, நெட்டில் தேடிப் பயந்துபோய் இங்கே வந்து சேர்ந்திருந்தால், இந்த விமர்சனம் உங்களுக்குத்தான்.

வேலை செய்கிறதா? செய்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். நோய் தெரிந்த சமயத்தில் மாமாவுக்கு மண்ணீரல் வீங்கி வயிற்றை அடைத்துக்கொண்டு, இரண்டாவது இட்லிக்கே போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். வெள்ளை அணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் எண்ணிக்கை இறங்கியது, அப்புறம் சாப்பாடும் பழையபடி ஆனது. இந்த மருந்தை வைத்து நடந்த முதல் பெரிய சோதனையில், இதோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இது வருவதற்கு முன்னால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொள்ள முடியாதவர்களுக்குச் சில வருடங்கள்தான் கெடு.

பக்கவிளைவுகள் உண்டு. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம், இரவில் கெண்டைக்காலில் குரக்களி, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். நன்றாகச் சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் வெகுவாகக் குறைகிறது, மாமா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறார். இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்குத் தோல் வெளுக்கும். தெரிந்த பக்கவிளைவுதான். ஒரு கல்யாண வீட்டில் மாமாவைப் பார்த்து "என்ன மாப்ள, சிவந்துட்டீங்க, என்ன கிரீம் போடுறீங்க?" என்று கேட்டார்கள், அவரும் பெயர் சொல்லாமல் சிரித்து வைத்தார்.

இப்போது விலை. கடைக்குக் கடை மாறுகிறது, அட்டையில் அச்சடித்திருக்கிற விலையை அப்படியே கொடுக்காதீர்கள், கேட்டால் குறைப்பார்கள். பட்டறை வருமானத்தில் சமாளிக்கக்கூடிய விலைதான். ஆனால் இந்த விலை தானாக வந்துவிடவில்லை, அதைச் சொல்லாமல் இந்த மாத்திரைக்கு விமர்சனம் எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

நோவார்ட்டிஸ் கம்பெனியின் அசல் மருந்துக்கு, அதாவது கிளிவெக்குக்கு, 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது இந்தியாவில் அதற்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இங்கே தயாரான அதே மருந்து எட்டாயிரம் பத்தாயிரம். 2003 இறுதியில் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், மலிவாகத் தயாரித்துக்கொண்டிருந்த சில கம்பெனிகள் நிறுத்த வேண்டியதாயிற்று. 2006இல் அவர்களுடைய காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது எது என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னையில் இருக்கிற காப்புரிமை அலுவலகம். ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தின் புதுப் படிக வடிவத்துக்கு உரிமை கேட்டார்கள். தெரிந்த பொருளின் புது வடிவம் நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தினால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள், 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் கடைசிவரை எதிர்த்து நின்றது. நோவார்ட்டிஸ் ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இலவசத்துக்கு விண்ணப்பம் போட்டுத் தகுதியை நிரூபித்துக் காத்திருக்க வேண்டும், கடையில் கட்டுப்படியாகும் விலைக்கு இருந்தால் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சரி, பணக்கார நாட்டில் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மலிவுத் தயாரிப்பு 2016இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் 2013லேயே, இந்த மருந்தைக் கொண்டுவந்த டாக்டர் பிரையன் டிரக்கர் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்கள் சேர்ந்து, இந்த வகை மருந்துகளின் விலை அநியாயம் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் கியூபன் தொடங்கிய ஆன்லைன் மருந்துக் கடையின் அறிவிப்பில் இமாட்டினிப்பையே உதாரணம் காட்டினார்கள்: சில்லறை விலை மாதம் 9,657 டாலர், எங்கள் விலை 47 டாலர். அன்றைய கணக்குக்கு 47 டாலர் என்றால் மூவாயிரத்தைந்நூறு ரூபாய். பணக்கார நாட்டு ஏழைக்கு இந்த விலை வந்து சேர இருபது வருடம் ஆகியிருக்கிறது.

இனிமேல்தான் என் உண்மையான புகார், அது மாத்திரையைப் பற்றியது இல்லை. இந்த மாத்திரையை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.சி.ஆர். டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டில் வரும் அந்த அளவு இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, டோஸைக் கூட்டுவதா, டாசாட்டினிப் நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துக்கு மாறுவதா என்று டாக்டர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். ஒரு டெஸ்டுக்கே பல ஆயிரம் ஆகிறது. நாங்கள் முதலில் போய்க்கொண்டிருந்த லேபில் (பெயர் வேண்டாம்) ரத்தத்தை எடுத்து வேறு ஊருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வரவே வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள், ஒரு தடவை ரத்த மாதிரி கெட்டுப்போய்விட்டது, மறுபடி வாருங்கள் என்றார்கள். மாமா அதற்காகப் பட்டறையை இன்னொரு நாள் பூட்டினார். ஓபியில் பக்கத்து பெஞ்சில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், மாத்திரையை விடாமல் போடுகிறவர்கள்கூட டெஸ்டை ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிக்கொண்டே போவது தெரியும்.

நமக்கே இப்படி என்றால், நாட்டுக்குள் அந்த டெஸ்டே இல்லாத ஆப்பிரிக்க நாடுகளை யோசித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, மாத்திரை ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர்கிறது. டெஸ்டுக்கு? ஏழை நாட்டு நோயாளிகளின் ரத்தத்தைக் காகிதத்தில் சொட்டி உலர்த்தி, தபாலில் அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கெட்டிக்கார யோசனை, செய்கிறவர்களுக்குக் கும்பிடு. ஆனால் ஒரு கண்டத்து ரத்தம் இன்னொரு கண்டத்துக்குத் தபாலில் போனால்தான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும் என்பது என்ன நிலைமை?

இதன் அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. வசதியான நாடுகளில், பல வருடம் மாத்திரை போட்டு நோய் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறங்கியவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்புகிறவர்களும் மாத்திரையை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நிறுத்திய ஆரம்ப மாதங்களில் மாதாமாதம் நுட்பமான பி.சி.ஆர். எடுத்தே ஆக வேண்டும். அதற்கு வழியில்லாதவருக்கு அந்தப் பேச்சே கிடையாது, ஆயுசு முழுக்க மாத்திரை, ஆயுசு முழுக்கக் கால் குரக்களி. நம் நாட்டில் இந்த நோய் நாற்பதை ஒட்டிய வயதிலேயே வந்துவிடுகிறது, அங்கே அறுபதை ஒட்டித்தான். ஆகவே அதிக வருடம் விழுங்க வேண்டியவர்களும் நம்மவர்கள்தான். (நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள், தயவு செய்து. நாள் தவறிப் போடுவதே ஆபத்து.)

மதிப்பெண் என்று கேட்டால் மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை, கண் வீக்கத்துக்கு அரை மார்க் கழித்தாயிற்று. டெஸ்ட் ஏற்பாட்டுக்கு ஒன்றரை, அதுவும் தாராளமாகப் போட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடைக்குப் போவதற்கு முன்னால் பெரிய அரசு மருத்துவமனையின் ரத்தநோய்ப் பிரிவிலும் காப்பீட்டு கவுன்டரிலும் மாத்திரை, டெஸ்ட் இரண்டையும் பற்றிக் கேளுங்கள், மாத்திரையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. பி.சி.ஆரை எப்போதும் ஒரே லேபில் எடுங்கள், ரிப்போர்ட்டில் "ஐ.எஸ்." என்று சர்வதேச அளவுகோல் குறிப்பிட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள், அது இல்லாவிட்டால் வேறு லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது, டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்வார், மறுபடி அதே பல ஆயிரம்.