ஓட்டம் சரி, கயிறு எங்கே? வியாசர்பாடி பக்கம் பெண்களுக்கான தீயணைப்புப் பயிற்சி வகுப்பு

வடசென்னையில் வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் நடுவே ஒரு பள்ளி மைதானத்தில் காலை 5.30 முதல் 8 வரை நடக்கும் வகுப்பு இது. மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய். சீருடைப் பணியாளர் (காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர்) தேர்வுக்கும் தீயணைப்பு வேலைக்கும் சேர்த்தே பெண்களைத் தயார் செய்கிறோம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்வுக்கு மட்டும் என்றால் கொடுத்த காசுக்குக் குறையில்லை. தீயணைப்பு வேலைக்கு என்றால் பாதிதான் சொல்லித் தருகிறார்கள்.

பணம் கட்டும் முன்பே தெரிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2020, 2022 சீருடைப் பணியாளர் பொதுத் தேர்வு அறிவிப்புகளில் தீயணைப்பாளர் பணியிடங்கள் ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. ஒவ்வொரு அறிவிப்பிலும் எந்தப் பதவி யாருக்கு என்று தனி அட்டவணை வரும். அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்பைத் தேட வேண்டும். இந்த வகுப்பில் இதை நாலாவது வாரம்தான் சொல்கிறார்கள். வீட்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்துக் கட்டும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லியாக வேண்டும். சொன்னால் யாரும் ஓடிவிட மாட்டார்கள், ஏனென்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. 2003-லேயே பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழகத் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் ஹர்ஷினி கன்ஹேகர் முதல் மாணவியாகச் சேர்ந்தார். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் தீப்பாதுகாப்பு வேலையும் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓட்டப் பயிற்சி நன்றாக இருக்கிறது. பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் 37.5 விநாடி. பலரும் முதல் நூறை 20 விநாடியில் பறந்துவிட்டு, மூன்றாவது நூறில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இங்கே நூறு மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, ஒவ்வொரு கொடியிலும் விசில் அடித்து நிதானத்தைப் பழக்குகிறார்கள். மைதானம் 400 மீட்டர் சுற்று இல்லை என்பதால் உருளை அளவியால் அளந்து சுண்ணாம்புக் கோடும் போட்டிருக்கிறார்கள். கண் அளவில் ‘ரெண்டு ரவுண்டு’ என்று ஓடவிடும் இடங்கள் நிறைய, அங்கே பழகியவர்கள் தேர்வன்று ஏமாந்துபோகிறார்கள். நீளம் தாண்டுதலில் ஒரு ஸ்டாருக்கு (மதிப்பெண்ணுக்கான தரம்) 3 மீட்டர், இரண்டு ஸ்டாருக்கு 3.75. இங்கே தூரத்தை விடப் பலகையை மிதித்து ஃபவுல் ஆவதைத்தான் முதலில் சரிசெய்கிறார்கள். அது சரியான வரிசை.

சிக்கல் கயிற்றில் தொடங்குகிறது. ஆண்களுக்கான உடற்திறன் தேர்வில் கயிறு ஏறுதல் உண்டு, பெண்களுக்கு இல்லை. அதனால் வகுப்பிலும் கயிறு கிடையாது. தேர்வுக்கு அது போதும், வேலைக்குப் போதாது. நாலாவது மாடி ஜன்னலில் முடிச்சுப் போடுகிறவர் ஆணா பெண்ணா என்று கயிறு கேட்பதில்லை. செலவும் பெரிதில்லை: பிராட்வேயில் கைப்பிடி நிறையும் தடிமனில் மணிலா கயிறு கிடைக்கும். மெல்லிய நைலான் வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். முதல் இரண்டு வாரம் ஏறவே வேண்டாம். கம்பியைப் பிடித்து 10 விநாடி தொங்கி, மெல்ல மெல்ல 60 விநாடி வரை கூட்ட வேண்டும். அதன் பிறகு காலைப் பழக்க வேண்டும்: ஒரு பாதத்தின் மேல் கயிறு, அதை அழுத்தி மிதிக்கும் இன்னொரு பாதம். உடல் எடையைக் கால் தாங்கினால் கை பிழைக்கும். ‘தோளில் பலம் இல்லை’ என்று ஒதுக்கப்படுகிறவர்களில் பலருக்கு இந்தக் கால்பூட்டு மட்டுமே தெரியாமல் இருக்கிறது. இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. தோல் உரிந்தால் ஒரு வாரப் பயிற்சி போச்சு.

ஹோஸ் பயிற்சிக்கு 63 மி.மீ. டெலிவரி ஹோஸ் (தண்ணீர் பீய்ச்சும் குழாய்) ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். சுருட்டுவது, உதறி விரிப்பது, கப்ளிங் (முனையில் இருக்கும் இணைப்பு) மாட்டுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் காய்ந்த ஹோஸில்தான். 15 மீட்டர் ஹோஸில் தண்ணீர் நிறைந்தால் உள்ளே ஏறக்குறைய 47 லிட்டர் நிற்கும். அது 47 கிலோ, ஹோஸின் எடை தனி. அதோடு 20 மி.மீ. நாசிலில் (தண்ணீர் பாயும் முனை) 7 பார் அழுத்தம் கொடுத்தால் 45 கிலோ எடைக்குச் சமமான விசையில் பின்னால் தள்ளும். முன்காலை மடித்து, ஹோஸை அக்குளில் இறுக்கி, உடலை முன்னே சாய்த்து நிற்காவிட்டால் ஆறடி ஆளும் பின்னால் போய் விழுவார். வால்வை மெல்லத் திறக்க வேண்டும், மெல்லவே மூட வேண்டும். டக்கென்று மூடினால் ஹோஸ் உதைக்கும். பம்பு இல்லை என்பதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு முனையிலும் மூடி போட்டுத் தண்ணீர் நிரப்பி இழுக்கவிட்டாலே எடை புரிந்துவிடும். அதையாவது செய்யலாம்.

ஆளைத் தூக்கும் பயிற்சிக்கு 50 கிலோ மணல் மூட்டையை முதல் நாளே தோளில் ஏற்றிவிடுகிறார்கள். இது தவறு. 20, 35, 50 என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். குனிந்து முதுகால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், வகுப்பில் அது நடக்கவும் நடக்கிறது. மூட்டை நிலையாக இருக்கும். மயங்கிய ஆளோ கையும் காலும் தொளதொளவென்று நழுவுவார். பழைய ஜீன்ஸையும் சட்டையையும் சேர்த்துத் தைத்து மணலும் துணியும் அடைத்தால் நல்ல பொம்மை கிடைக்கும். இன்னொன்று, புகையில் நிமிர்ந்து நின்று தோளில் சுமப்பதே பெரும்பாலும் தப்பு. சூடும் புகையும் மேலே நிற்கும், மூச்சுக்கான காற்று தரையோரம்தான். பெட்ஷீட்டில் கிடத்தியோ அக்குள் வழியாகக் கயிறு கொடுத்தோ தாழ இழுத்து வருவதைத்தான் அதிகம் பழக்க வேண்டும். உயரம் குறைந்த பெண்களுக்கு அது நன்றாகவே வரும்.

சுவாசக் கருவி இங்கே இல்லை, ஆனால் அதற்கான பழக்கத்தைத் தொடங்கலாம். எண்ணெய் தடவிய முடி முகமூடி விளிம்பில் சிக்கினால் காற்று கசியும். 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் இருப்பதே 1,800 லிட்டர் காற்று. மிதமாக வேலை செய்தால் 45 நிமிடம் வரும், ஓடி உழைத்தால் பாதிதான். கொண்டையை உச்சியில் போட்டால் ஹெல்மெட் கண்ணை மறைக்கும், பிடரியில் தாழ்த்திப் போட வேண்டும். கையுறையும் பூட்ஸும் ஆண் அளவில் வாங்கி வைத்திருக்கிறார்கள். விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும் கையுறையோடு கப்ளிங் மாட்டச் சொல்வது நியாயமில்லை. சின்ன அளவு கேட்டால் வரவழைத்துத் தரும் கடைகள் பாரிமுனையில் உண்டு.

கேஸ் சிலிண்டர் பாடம்தான் இந்த வகுப்பிலேயே சிறந்தது. வால்வை மூட முடியாத நிலையில் சுடரை அணைக்காதே, சிலிண்டரைத் தண்ணீரால் குளிரவை என்று காரணத்தோடு சொல்கிறார்கள். சுடர் அணைந்து கசிவு மட்டும் தொடர்ந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவி அடுத்த பொறியில் வெடிக்கும். 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்த இடம் இங்கிருந்து தூரமில்லை. பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கவனித்துக் கேட்கிறார்கள்.

மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, சாவி வாட்ச்மேனிடம். ஏழு மணிக்குத்தான் வருவார். மாதவிடாய் நாட்களில் பலர் வராமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். பயிற்சியாளர் அதை ‘ஆர்வம் போச்சு’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதுகிறார். சாவிக்கு ஒரு நகல் எடுத்து 5.30-க்கே திறந்தால் போதும்.

சேர நினைப்பவர்கள் ஒரு நாள் இலவசமாகப் பார்க்கலாம், அனுமதிக்கிறார்கள். சனிக்கிழமை போங்கள், ஹோஸும் மூட்டையும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.