கரன்ட் போனால் எது தாங்கும்: ஃப்ளைவீலா, பேட்டரியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் மின்சாரம் காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்கு வரும். சில நாள் மாலை 5 ஆகும். இதைச் சமாளிக்கப் பேட்டரிக்குப் பதில் ஃப்ளைவீல் வைக்கலாம் என்கிறார்கள்; கனமான சக்கரத்தை மோட்டாரால் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் ஆற்றலைச் சேமிக்கும் கருவி அது. ஆசிட் இல்லை, இருபது வருஷம் உழைக்கும் என்று அதைப் பற்றிச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை அது தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு ஃபேன், ஆறு எல்இடி பல்பு, ஒரு வைஃபை பெட்டி சேர்ந்து சுமார் 375 வாட். இன்வெர்ட்டர் இழப்போடு 450. ஐந்து மணி நேரத்துக்கு 2.25 யூனிட்.

60 செ.மீ. விட்டமும் 4.5 செ.மீ. தடிமனும் உள்ள இரும்புத் தட்டு 100 கிலோ எடை வரும். அதை நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓட்டினால் உள்ளே நிற்பது கால் யூனிட். வேகம் பாதியாகும்வரை இறக்கினால் அதில் முக்கால் பங்கு கைக்கு வரும். அப்படியானால் நம் வீட்டுக்குப் பன்னிரண்டு தட்டு, 1,200 கிலோ இரும்பு வேண்டும். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு மாட்டும் ஈய-ஆசிட் பேட்டரி, இரண்டே அந்த வேலையைச் செய்துவிடும்.

வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது சரி. ஆனால் 6,000 சுற்றிலேயே தட்டின் விளிம்பு மணிக்கு 680 கி.மீ. வேகத்தில் போகிறது. திறந்த காற்றில் ஓடினால் உராய்வே கிலோவாட் கணக்கில் தின்னும். சேமித்தது சில நிமிடங்களில் கரையும். அதனால்தான் ஃப்ளைவீலுக்குக் காற்றை உறிஞ்சிய வெற்றிடப் பெட்டி, உரசாமல் காந்தத்தால் தாங்கும் பேரிங் எல்லாம். தட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் துண்டுகள் குண்டுபோலப் பறக்கும். கனத்த எஃகு உறையோ தரைக்குள் குழியோ கட்டாயம். தயவுசெய்து லேத் பட்டறையில் செய்து பார்க்காதீர்கள். மோட்டார், சக்கரம், ஆல்டர்னேட்டரைப் பெல்ட்டில் கோத்து 'இலவச மின்சாரம்' காட்டும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். அந்த மூன்றில் ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். எதுவும் தானாகச் சேர்க்காது.

ஃப்ளைவீலுக்கு உரிய இடம் வேறு. ஸ்கேன் கருவி ஓடும் மருத்துவமனையில் 100 கிலோவாட் சுமை, டீசல் ஜெனரேட்டர் எழும்பப் பத்து விநாடி என்று வையுங்கள். 15 விநாடி தாங்க 0.42 யூனிட் போதும். இங்கே பேட்டரிதான் திணறும். சீல் செய்த ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம் சித்திரை வெயிலில் ஏசி அறை இல்லாமல் முடியாது. ஃப்ளைவீல் அந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. சில நிமிடத்தில் மறுபடி நிறையும், லட்சம் தடவை ஏறி இறங்கினாலும் தளராது. ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் மட்டும் அதற்கு வேலையே இல்லை.

அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியே நிற்கும் ஊர் காரைக்குடி. பேட்டரியின் குறைகளையும் இங்கே மறைக்காமல் பேச வேண்டும். டியூபுலரைத் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். வளவை (வீட்டின் நடுமுற்றத்தை) ஒட்டிய, காற்றோட்டமுள்ள அறை நல்லது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், அறையை மூடி வைக்கக் கூடாது. ஆத்தங்குடித் தளத்தில் நேரடியாக வைக்கவே வேண்டாம். அது சிமென்ட் கல். ஒரு சொட்டு ஆசிட் பட்டாலும் பூ வேலை அரித்துப்போகும். அடியில் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். சிந்தினால் உடனே ஆப்பசோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். கோடையில் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விட வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

கையில் காசிருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை எடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எடை மிகக் குறைவு, இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏறி இறங்கும். பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே மாட்டுவதில்தான் கோளாறு வருகிறது. டியூபுலர் முறையில் சில இன்வெர்ட்டர்கள் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், 12.8 வோல்ட் லித்தியம் பெட்டிக்கு உச்சம் 14.6. அதைத் தாண்டியதும் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏறுவதைத் துண்டித்துவிடும். வாங்கும் முன் இன்வெர்ட்டரில் லித்தியம் முறை இருக்கிறதா என்று பாருங்கள்.